கொள்ளி என்ற பெயர் வந்த விதம்

டமார் என்ற சத்தத்தோடு ஒலிபெருக்கி வெடித்தபோதும் உதயகலா பேச்சை நிறுத்தவில்லை. இராணுவ முகாம் வேலிக்குள் அகப்பட்ட காணிகளை விடச் சொல்லி, பலாலி வீதியோரத்துப் பந்தலில் அவள் பேசியது அதுவே முதல் தடவை. சொல்லுக்குச் சொல் அவள் வாயிலிருந்து விரல் நீளத்துக்கு நெருப்பு வந்தது. பதாகை கருகியது. முன்வரிசையில் இருந்த றொசாந்தியின் குடை பொசுங்கியது. குடைக்காரி திட்டினாள், மற்றவர்கள் கைதட்டினார்கள். அதுவரை அந்தப் பக்கத்தில் கொள்ளி என்றால் மூத்த மகன் சிதைக்கு வைக்கும் எரிகட்டைதான். அன்று மாலையே அதே வீதியிலுள்ள திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் விற்றவர்கள் அவளைக் கொள்ளி என்றார்கள். வருடம் முடிவதற்குள், சனத்தைக் கிளப்புகிற எல்லாருக்கும் அதுவே பெயராயிற்று. பல்கலைக்கழகப் பெடியள் சிலர் தங்களையும் கொள்ளிகள் என்று சொல்லித் திரிந்தார்கள். அவர்கள் வாயில் புகைகூட வரவில்லை.

உதயகலாவுக்குக் காணியைவிடச் சுடலைதான் அவசரம். படுக்கையில் கிடந்த தகப்பன் முருகேசுவுக்குத் தன் ஊர்ச் சுடலையில் எரிய வேண்டும் என்ற ஒரே ஆசை. அந்தச் சுடலையும் வேலிக்குள் இருந்தது. தேர்தலில் நின்ற கனகலிங்கம் இதைக் கேள்விப்பட்டு வான் வண்டியில் வந்து இறங்கினார்.

“நான் வெண்டால் முதல் வேலை உங்கடை சுடலைப் பாதைதான், அக்கா.”

“அப்ப ஐயாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுறன்.”

முருகேசுவும் பொறுத்தார். நாடி நின்ற பிறகும் இரண்டு மாரிகாலம் பொறுத்தார்; வேளைக்குத் தேத்தண்ணி கேட்டார், சீனி குறைந்தால் ஏசினார். உதயகலா கனகலிங்கத்துக்கு வாக்குக் கேட்டு ஊரூராய் மேடையேறினாள், அவர் வென்றார், பாதை திறக்கவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறதாம், அது முடியும்வரை அவள் வாயைத் திறக்கக்கூடாதாம். மூன்றாம் மாரியில் முருகேசு, “இனி ஏலாது பிள்ளை” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வேறொரு ஊர்ச் சுடலையில்தான் விறகு அடுக்கினார்கள். முருகேசுவின் மகன் கனடாவிலிருந்து தொலைபேசித் திரையில் அழுதான். அவனுக்குப் பதிலாகத் தானே கொள்ளி வைப்பதாகக் கனகலிங்கம் படப்பிடிப்புக்காரர்களோடு வந்து நின்றார். விடாத மழையில் நனைந்த விறகு மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை. பெண்கள் சுடலையின் வாசற்படலைக்கு வெளியே நின்றுவிடுவதுதான் வழக்கம். அன்றைக்கு ஆண்களே படலைக்கு வந்து, “உள்ளை வாங்கோ அக்கா, ஒரு சொல்லுக் கதையுங்கோ” என்று உதயகலாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் தகப்பனின் காலடியில் நின்றாள். “ஐயா, உங்களைச் சும்மா பொறுக்க வைச்சிட்டன். எங்களை ஏமாத்திப் போட்டாங்கள்” என்றாள். சிதை பற்றிக்கொண்டது. பிறகு திரும்பி, கனகலிங்கத்தின் முகத்தைப் பார்த்துத் தொடர்ந்து பேசினாள். அவருடைய சால்வையின் நுனியில் தீப்பிடித்தது. அவர் அதைக் கையால் தட்டி அணைத்துக்கொண்டே பதறாமல் சொன்னார்:

“காணும் அக்கா, போதும். அடுத்த தேர்தலுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கோ.”