மீனுக்குப் போன வாசல் கல்

ஆர்வோவுக்கு அறுபது வயது ஆகப்போகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த விழாவுக்காக வீட்டு முற்றத்தில் பரப்ப ஒரு லாரி இளஞ்சிவப்புக் கூழாங்கல் கேட்டிருந்தார். விளம்பரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

அதே வாரம் எங்கள் ஓடைக்கும் ஒரு லாரி கல் வரவேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு அனுப்புவதற்காக, ஓடையில் இருந்த கல்லையெல்லாம் வாரி எடுத்து அதை வெறும் வாய்க்காலாக ஆக்கிவிட்டார்கள். கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிட இடமில்லாமல், ஏரியிலிருந்து ஏறி வரும் ட்ரவுட் மீன் அழியும் நிலைக்கு வந்துவிட்டது. மீன் ஏறி வர வழிவிட்டு, போன வருடம் பழைய மாவு மில்லின் அணையை உடைத்தோம். இனி கூழாங்கல் போடுவதுதான் பாக்கி என்றார் மீன் சங்கத் தலைவி தூலா.

சனிக்கிழமை காலை ஊரே வாளியோடு வந்தது. கரையில் பிறந்தநாள் கேக் மாதிரி ஒரு இளஞ்சிவப்புக் குவியல். எல்லோரும் பார்த்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக் கூரை எரிந்தால்கூட, ஒருவேளை வேண்டுமென்றே கொளுத்தியிருப்பார்களோ என்று மரியாதையாக நகர்ந்துவிடுவோம். தூலா மட்டும் ஒரு கல்லை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"அளவு சரியா இருக்கு. நெறத்தையெல்லாம் மீன் பாக்கவா போகுது? தூக்குங்க!"

ஆர்வோவை அவர் மனைவி இர்மேலி இழுத்து வந்திருந்தார். வாளி கைமாறும் வரிசையில் ஆர்வோ எனக்குப் பக்கத்தில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் புலம்பலும் என் பங்குக்கே வந்தது.

"மீனுக்கு இந்த ஆடம்பரம் தேவையா? எல்லாம் நம்ம வரிப்பணம்."

"கல்லு நல்லாத்தானே இருக்கு?"

"நீ என்னோட கல்லைப் பாக்கல. அதுக்குப் பக்கத்துல இது நிக்கவே முடியாது. இதப் பாரு, மிட்டாய்க்கடை மாதிரி."

சாயங்காலம் வரை முணுமுணுத்துக்கொண்டே சுமந்தார். கடைசிக் கல்லும் ஓடைக்குள் போனது. நெருப்பில் வாட்டிய சாசேஜைக் கடுகுச் சாந்தில் தோய்த்துத் தின்றுவிட்டு எல்லோரும் வீடு திரும்பினோம்.

நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அலறல். ஓடினேன். நாங்கள் ஓடையில் இருந்த நேரத்தில் லாரி வந்து போயிருக்கிறது. முற்றம் நிறைய சாம்பல் நிற ஆற்றுக் கல். ஆர்வோ லாரிக்காரன் ரெய்யோவுக்குப் போன் போட்டார்.

"அடடா, அந்தச் செவப்புக் கல்லு ஒங்களதா?" என்றான் அவன். "அழிஞ்சுபோற மீனாச்சே, அதுக்குத்தான் ஒசத்தியா வாங்கியிருக்காங்கன்னு நெனச்சுட்டேன்."

"அப்ப நான் அழியலையாடா?"

"ஒங்களுக்கு அறுபதுதானே ஆகுது."

இர்மேலி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நாள் பூரா நீங்களே சுமந்து, நீங்களே கொட்டிட்டு வந்திருக்கீங்க!"

தூலா வருத்தம் தெரிவித்தார். அடுத்த சனிக்கிழமை கற்களை அள்ளி மாற்றிவிடலாம் என்றார். ஆனால் வாரத்தின் நடுவில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் தண்ணீர் ஏறியது.

சனிக்கிழமை ஆர்வோ இடுப்பளவு ரப்பர் கால்சட்டையோடு முதல் ஆளாக வந்து, தண்ணீரில் ஒரு காலை வைத்தார். தூலா பின்னாலிருந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"அசையாதீங்க!"

முழங்கை நீளத்துக்கு ஒரு பெண் ட்ரவுட் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் கற்களை அடித்துக் குழி பறித்துக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்புக் கற்கள் தண்ணீருக்குள் எகிறி எகிறி விழுந்தன. பக்கத்திலேயே ஒரு ஆண் மீன் எந்த வேலையும் செய்யாமல் முறைப்பாக நின்றது.

"வசந்தம் வர்ற வரைக்கும் யாரும் இதுல கால் வைக்கக் கூடாது. முட்டை நசுங்கிடும்," என்றார் தூலா.

"அடுத்த வாரம் எனக்குப் பொறந்தநாளு!"

"அவளுக்கு இன்னைக்குப் பிரசவம்."

ஆர்வோ கரையேறினார். காலியான வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் காதருகே வந்தார்.

"கவனிச்சியா? ஓடை முழுக்க எடம் கெடக்கு. ஆனா எங்கல்லுக்குத்தான் வந்திருக்கா."

ஓடையில் வேறு கல்லே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறந்தநாளன்று முற்றத்தில் அந்தச் சாம்பல் கல்லைத்தான் பரப்பியிருந்தார்கள். உருண்டைக் கல் அல்லவா, வந்த கார்களெல்லாம் புதைந்தன. இர்மேலியுடைய தம்பியின் கார், கதவைத் திறக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. ஜன்னல் வழியாகத்தான் அவரை வெளியே எடுத்தோம். கையிலிருந்த பூங்கொத்தை மட்டும் அவர் விடவில்லை.

ஆர்வோ எதையும் கண்டுகொள்ளாமல் விருந்தினர் அத்தனை பேரையும் ஓடைக்கு நடத்திப் போனார். அக்கார்டியன் வாத்தியம் வாசிக்க வந்தவர் பெட்டியைத் திறந்ததும் ஆர்வோ பாய்ந்து மூடினார்.

"மூச்! உள்ள ஆள் இருக்காங்க."

நாற்பது பேர் ரகசியக் குரலில் வாழ்த்துப் பாடினோம். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ஏதோ சதி நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மறு கோடையில் கரையோர நிழலில் ஊசி ஊசியாய் மீன் குஞ்சுகள் தென்பட்டன. செய்தி பரவியது. அக்கம்பக்கத்துச் சங்கங்கள் இளஞ்சிவப்புக் கல் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தன. "நெறத்துக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லைங்க!" என்று தூலா போனில் கத்தினார். ரெய்யோவுக்கு மூன்று ஊர்களில் வேலை கிடைத்தது.

முற்றத்துச் சாம்பல் கல்லை நாங்களே மறுபடி வாளி வாளியாய்ச் சுமந்து, ஓடையின் மேல்பகுதியில் கொட்டினோம். இந்த இலையுதிர்காலத்தில் அங்கேயும் இரண்டு ஜோடி மீன்கள் குழி பறித்தன. ஆர்வோவை அழைத்துப் போய்க் காட்டினேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேலியருகே வந்து நின்றார்.

"யோசிச்சுப் பாத்தேன்," என்றார். "அதுங்க வெளியூரு மீனா இருக்கும்."