உதட்டுச் சூடு

மூன்று நாளாக என் மகனைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறேன். அனிருத்துக்கு ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும் உடம்பு. எதிர்ப்புச் சக்தி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. திங்கட்கிழமை கன்னத்திலும் தாடையிலும் கொப்புளம் பொங்கியது. அம்மையாக இருக்கலாம் என்று தனி அறையில் போட்டார்கள். எனக்கு அம்மை வந்ததே இல்லை என்று சொல்லித் தொலைத்தேன். உடனே என்னை வெளியே நிறுத்திவிட்டு, சின்ன வயதில் அம்மை கண்ட என் கணவர் கோகுல்நாத்தை உள்ளே விட்டார்கள். அந்த மனிதருக்குத் தலையணை உறை மாற்றக்கூடத் தெரியாது.

இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு வரும் கொப்புளத்தைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல முடியாது என்றார் டாக்டர் பிங்ளே. கொப்புளத்துக்கான மருந்தை அன்றே ஆரம்பித்து, ஒரு கொப்புளத்தைத் திறந்து பஞ்சுக் குச்சியால் ஒற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"அம்மா, உள்ள வாயேன். பப்பாக்கு கதையே சொல்ல வரல," என்றான் வீடியோ காலில்.

"வந்துடறேன் கண்ணு."

அவனை மடியில் போட்டுக் கன்னத்தோடு கன்னம் வைக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம் எனக்கு.

இன்று காலை முடிவு வந்தது. அம்மை இல்லை. உதட்டில் கொப்புளம் வருமே, அந்த வைரஸ். "வீட்டில் யாருக்காவது சமீபத்தில் வந்ததா?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் உதட்டில் கொப்புளம் வந்தால் அது சூடு. வெண்ணெய் தடவி, இளநீர் குடித்தால் போய்விடும். போன வாரம் எனக்கு வந்தபோது இங்கே சிஞ்ச்வட் ஸ்டேஷன் வாசலில் நாரியல்பானி என்று விற்கும் இளநீரைத் தினமும் குடித்தேன். அனிருத் தூங்கும்முன் வழக்கம்போல் இரண்டு கன்னத்திலும் முத்தமும் கொடுத்தேன்.

மாஸ்க்கை இறக்கிக் காட்டினேன். உதட்டில் பொருக்கு இன்னும் உதிரவில்லை.

டாக்டர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "நிறையப் பேர் உடம்பில் இருக்கும் கிருமி இது. உங்களிடமிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்துக்குக் கேட்கிறது. நீங்கள் உள்ளே போகலாம். மாஸ்க், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முத்தம் மட்டும் வேண்டாம்."

என்னைக் கண்டதும் அனிருத் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். கொப்புளமே இல்லாத ஓர் இடத்தைத் தேடி, காதோரம் விரலை வைத்துக் காட்டினான்.

"இங்க வலிக்காது அம்மா. இங்க குடு."

நான் மாஸ்க்கை மூக்கின்மேல் இன்னும் அழுத்திக்கொண்டேன்.