ஷாலினியின் பத்தடி முகம்

நெல்லையப்பன் அத்தானின் கேமராவைப் பார்த்ததும் ஆறுமுகநயினார் எழுந்து நின்றார். என்னுடையதைப் பார்த்தபோது உட்கார்ந்தபடிதான் இருந்தார்.

"இது என்னளா கோகிலா, சோப்பு டப்பாவா?"

"மிரர்லெஸ் மாமா. புதுசு."

"புதுசுதான், தெரியுது. இன்னும் வளரல போல."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை, அவன் தொழிலில் கெட்டிக்காரன். தன் கேமராவை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டான். அதன் லென்ஸ் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே வரும். எங்கள் தாராவியில் கேமராவின் தரத்தை அதன் மூக்கை வைத்துத்தான் அளக்கிறார்கள். மூக்கு நீண்டிருந்தால் பெரிய கேமரா. பெரிய கேமரா வைத்திருப்பவன் பெரிய போட்டோகிராபர். அந்த நீண்ட மூக்குக்குப் பின்னால் ஒளியை வாங்கும் சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது என்பதும், என் சோப்பு டப்பாவுக்குள் இருப்பது தபால்தலை அளவு என்பதும் யாருக்கும் வேண்டாத சங்கதி. உள்ளே இருப்பதை யார் கழற்றிப் பார்க்கிறார்கள்?

ஆறுமுகநயினாரின் மகள் ஷாலினிக்கு வரும் திங்கட்கிழமை செம்பூரில் கல்யாணம். போட்டோ எடுப்பது நானா அத்தானா என்று முடிவு செய்யத்தான் எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். அத்தானுக்குத் தொண்ணூறடி ரோட்டில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பாஸ்போர்ட் போட்டோ எடுப்பான், வருஷத்துக்கு நாலைந்து கல்யாணமும் எடுப்பான். எனக்கு இது கிடைத்தால் முதல் கல்யாணம்.

கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை என் அக்கா சண்முகவடிவு தெளிவாகச் சொல்லியிருந்தாள். நான்கு வருஷம் மாலாடில் கால் சென்டரில் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று அமெரிக்காக்காரர்கள் திட்டுவதைக் கேட்டு, அதற்கு மன்னிப்புக் கேட்பது என் வேலை. ஜனவரியில் ஒருநாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன். திரும்பப் போகவில்லை. கையில் வந்த பி.எஃப் பணத்தில் இந்தக் கேமராவை வாங்கினேன். அக்கா ஒருவாரம் பேசவில்லை. பிறகு விக்ரோளியில் இன்னொரு கம்பெனியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள்.

"திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு இன்டர்வியூ. கல்யாண வேல கெடச்சா நீ போக வேண்டாம், நானே சொல்லிருதேன். கெடக்கலன்னா வாயப் பொத்திக்கிட்டுப் போயி உக்காரு. பக்கா?"

"பக்கா" என்று சொல்லியிருந்தேன்.

அத்தான் மாடி அறையின் ஜன்னலைத் திறந்தான். கேமராவை வெளியே நீட்டி மூக்கை வளர்த்தான். சயான் பக்கம் புதிதாக எழும்பிய கோபுரத்தின் இருபத்திரண்டாவது மாடி திரைக்குள் வந்தது. பால்கனியில் காயும் துணி, துணியில் மாட்டியிருந்த கிளிப், கிளிப்பின் நிறம்.

"அரே பாப்ரே" என்றார் ஆறுமுகநயினார். "அந்தா கெடக்கு, அவன் ஜட்டி வரைக்கும் தெரியுது."

"அம்பது எக்ஸ் ஜூம் மாமா" என்றான் அத்தான்.

"ஒன்னதுல எத்தன எக்ஸ்ளா?"

"மூணு."

மறுபடி சிரிப்பு. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் காட்டியது பொய்யில்லை. என் கேமராவில் அந்தக் கோபுரம் ஒரு தீக்குச்சி.

"மாமா, கல்யாணம் சயான்லயா நடக்குது? மண்டபத்துக்குள்ளதான? உள்ள எடுத்துப் பாப்போம். பிளாஷ் போடாம."

கீழ் அறைக்கு இறங்கினோம். அங்கே ஜன்னல் கிடையாது. பகலிலும் ஒரே ஒரு டியூப்லைட். ஏணிக்குப் பக்கத்தில் ஷாலினியை உட்கார வைத்தோம். அவன் ஒன்று எடுத்தான், நான் ஒன்று எடுத்தேன். இரண்டையும் மாமாவின் போனுக்கு அனுப்பினோம். எனக்கு நெஞ்சு நிறைய நம்பிக்கை. இந்த வெளிச்சத்தில் சின்னச் சென்சார் திணறும். படத்தில் மணல் அள்ளிப் போட்டதுபோல் புள்ளி வரும். கேமரா அதை மறைக்கப் பார்த்து முகத்தையே மெழுகிவிடும்.

மாமா போனை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத் திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன.

"பக்கத்துல ரெண்டும் ஒண்ணு. தூரத்துல அவன் எடுப்பான், நீ எடுக்க மாட்ட. அப்ப எதுளா மேல்?"

அவர் தோல் பட்டறை நடத்துகிறவர். கணக்கு நேராகத்தான் போட்டார்.

"ஃபிளெக்ஸ் அடிக்கணும்லா மாமா" என்றேன். "பத்தடி ஒசரத்துல தெருமுனையில நிக்கப்போற முகம். அந்த அளவுக்குப் பெருசாக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் ஃபிளெக்ஸ் இல்லாமல் கல்யாணம் நடந்ததாக ஆகாது. சந்து முனையில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆள் உயரத்துக்கு இருமடங்காக நிற்க வேண்டும். மாமா யோசித்தார். யோசிக்க வைத்ததே பெரிய காரியம்.

மறுநாள் காலை, பெரிதாக்கிப் பார்த்துவர, நானும் ஷாலினியும் ஃபிளெக்ஸ் அடிக்கும் கரீம் பாட்சா கடைக்குப் போனோம். ஷாலினி பேக் பட்டறையில் செக்கர். தைத்து முடித்த பைகளை விளக்கடியில் புரட்டி, தையல் விட்ட இடத்தைக் கண்டுபிடித்து ஒதுக்குவது அவள் வேலை. அதிகம் பேசமாட்டாள்.

பாட்சா இரண்டு படத்தையும் பெரிய மானிட்டரில் விரித்தார். நான் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. அத்தான் எடுத்த படத்தில் தலைமுடி கறுப்புத் துணியாகிவிட்டது, புருவம் கரியால் இழுத்த கோடு, கன்னம் ஈரச் சுவர். என் படத்தில் இமைமுடியை எண்ணலாம். இடது புருவத்துக்கு மேலே சின்னம்மை விட்டுப்போன குழி, உதட்டோரத்தில் ஒரு வெடிப்பு, ரவிக்கையில் ஒட்டியிருந்த நூல், அவளுடைய கறுப்பு நிறம், எல்லாம் அப்படியே இருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குச் சிரிக்கிறே?" என்றார் பாட்சா. "இதோ பாரு." மவுஸை நாலு தடவை இழுத்தார். அம்மைக்குழி போயிற்று. இன்னும் நாலு தடவை. ஷாலினி கோதுமை நிறமானாள். அத்தான் படத்தையும் அதேபோல் இழுத்தார். இரண்டும் மறுபடி ஒன்றாகிவிட்டன.

"இருவது வருசமா அடிக்கிறேன்மா. ஒரு கறுப்புப் பொண்ணு என் மெஷின்லேருந்து வெளிய வந்ததில்ல. சொல்லப்போனா எனக்கு அவன் படம்தான் தோது. பாதி வேலைய அந்தக் கேமராவே முடிச்சிருக்கு."

இரண்டாவது முறை தோற்றேன். போனில் தெரியாதது பெரிதாக்கினால் தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியத்தான் செய்தது. ஆனால் தெரிவது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஷாலினி மானிட்டருக்குப் பக்கத்தில் போனாள். பட்டறையில் பையைப் பார்ப்பதுபோலத் தன் முகத்தைப் பார்த்தாள்.

"பாய், கோகிலா எடுத்தத அடிங்க. தடவாம."

"என்ன வெளயாடுறியா? உங்கப்பா என் கடைய இடிச்சிருவாரு."

"பேரு என்னோடது, மொகம் என்னோடது. அடிங்க."

"எளா, எதுக்கு?" என்று நானே கேட்டேன்.

"பொண்ணு பாக்க அனுப்புன போட்டோ நெல்லையப்பண்ணன் கடையில எடுத்தது. வெளுக்க வச்சு அனுப்பிட்டாவ. நிச்சயத்துக்கு வந்த அன்னைக்கு மாப்ளையோட அம்மா என்னயப் பாத்துச் சிரிச்சா. 'போட்டோல இன்னும் நல்லா இருந்தியே'ன்னு. தமாஷாத்தான் சொன்னா. அந்தத் தமாஷ இன்னும் அம்பது வருசம் நான் கேக்கணுமா? வாரவங்க தெருமுனையிலயே பாத்துக்கிடட்டும். பிடிக்கலன்னா வந்த வண்டியிலயே திரும்பட்டும். டீக் ஹை?"

பாட்சா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஷாலினியின் நிறத்தைப் பற்றி எனக்கு எந்தக் கொள்கையும் இல்லை. எனக்கு வேலை வேண்டும். என் படம் தடவப்படாமல் நின்றால்தான் என் கேமராவுக்கு அர்த்தம். அவளுக்கு ஒரு காரணம், எனக்கு ஒரு காரணம். இரண்டும் ஒரே ஃபிளெக்ஸில் போய் முடிந்தன.

வெள்ளிக்கிழமை காலை அதைக் கட்டினோம். ஒரு முனையை நானே ஏணியில் ஏறி முடிச்சுப் போட்டேன். ஆறுமுகநயினார் பல்குச்சியோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"யாரு இது?"

"ஒங்க மக" என்றேன்.

"எறக்குளா. இப்பமே எறக்கு."

சந்தில் கூட்டம் கூடிவிட்டது. பட்டறை ஆள் ஒருவன் கத்தியோடு கயிற்றை அறுக்க வந்தான். ஷாலினி வாசலில் வந்து நின்றாள். "அத எறக்குனா நான் மண்டபத்துக்கு வரமாட்டேன். மாப்ளைக்குப் பக்கத்துல நெல்லையப்பண்ணன் எடுத்த போட்டோவ உக்கார வச்சுத் தாலி கட்டச் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாமாவை இன்னும் எரித்தது. மகளை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாது, கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் ஒன்னால. கல்யாணத்துக்கு நெல்லையப்பன் மட்டும் போதும். நீயும் ஒன் டப்பாவும் அந்தப் பக்கமே வரக்கூடாது."

ஃபிளெக்ஸ் நின்றது. என் வேலை போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அக்கா என் சட்டையைத் தேய்த்து வைத்தாள். ஒன்றும் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை ஆறரைக்குக் கிளம்பினேன். தேய்த்த சட்டை, சான்றிதழ் கவர், தோளில் பை. பைக்குள் கேமரா இருந்தது. அதை ஏன் எடுத்தாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்தேன். எனக்கு ஹெட்செட் ஞாபகம் வந்தது. காதில் அழுத்தும் அந்த ஸ்பாஞ்சு. "சாரி சார், ஐ அண்டர்ஸ்டாண்ட் சார்." விக்ரோளி பஸ் வந்தது. போகவிட்டேன். செம்பூர் பஸ்ஸில் ஏறினேன்.

அழைப்பிதழ் எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தது. போட்டோகிராபராகத்தான் வரக்கூடாது. விருந்தாளியாக வருவதை யாரும் தடுக்க முடியாது.

மாப்பிள்ளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் காரிலிருந்து இறங்கினார். அத்தான் மண்டபத்தின் மாடியில் நின்று, கதவு திறந்ததிலிருந்து மாலை விழுந்தது வரை முகம் முகமாக எடுத்துவிட்டான். எனக்குக் கிடைத்தவை இருபது முதுகுகள். அந்த இடத்தில் அவன் கேமரா என்னுடையதைத் தின்றுவிட்டது. அதை மறைக்க மாட்டேன்.

உள்ளே கதை வேறு. மணவறையில் மஞ்சள் பல்பு, அதன்மேல் ஓமப்புகை. அத்தான் தூரத்தில் நின்று மூக்கை நீட்டினான். படம் இருண்டது, ஆடியது. பிளாஷ் போட்டான், புகைதான் வெள்ளையாக வந்தது. கிட்டே வரலாம் என்றால் முன்னால் முப்பது பேர் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மூக்கு நீண்டவனுக்கு நெரிசலில் இடம் கிடைப்பதில்லை. நான் பெண் வீட்டுப் பெண்களோடு கலந்து மணவறையில் ஏறினேன். இடது கையில் அட்சதை, வலது கையில் கேமரா. ஷாலினிக்கு எதிரே, இரண்டு முழத் தூரத்தில் குத்தவைத்தேன்.

ஆறுமுகநயினார் பார்த்துவிட்டார்.

"எறங்குளா."

"அட்சத போட வந்திருக்கேன் மாமா."

"எறங்குன்னு சொல்லுதேன்!"

ஐயர் கையைத் தூக்கினார், மேளக்காரர் குச்சியைத் தூக்கினார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அத்தான் கத்தினான்: "மாப்ள, தாலியப் பிடிச்சுக்கிட்டு இங்கன பாருங்க! ஷாலினி, இங்கன பாரு! ஒரு செகண்டு!"

மாப்பிள்ளை தாலியோடு அந்தப் பக்கம் திரும்பினார். ஷாலினி திரும்பவில்லை. நேராக என் லென்ஸைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையிடம், ஏதோ முகவரி சொல்வதுபோலச் சொன்னாள்: "அங்க இல்ல. இங்க."

அவர் ஒரு கணம் குழம்பினார். அப்புறம் அவள் பார்த்த திசைக்கே திரும்பினார்.

மாமாவின் கை என் லென்ஸை மூடியது. விரல்களில் சந்தனம்.

"கைய எடுங்க மாமா" என்றேன். "தாலி ஏறுது. நாளைக்குப் பாக்கணும்னா ஒங்களுக்கு வேற படம் கெடையாது."

அவர் மகளைப் பார்த்தார். அவள் இன்னும் இந்தப் பக்கமேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை விலகியது. மேளம் கொட்டியது. பதினோரு படம் எடுத்தேன்.

சட்டைப்பையில் போன் துடித்தது. அக்கா. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"எட்டேகால் ஆச்சு. எங்கன இருக்க?"

"வேலையில" என்றேன், வைத்துவிட்டேன்.

மாமா இன்னும் என் பக்கத்தில்தான் நின்றார். வேலை கொடுத்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அடுத்தது மெட்டி. குனிந்திருக்கும் இரண்டு முகமும் ஒரு காலும் ஒரே படத்தில் வர வேண்டும். அதற்கு இன்னும் கிட்டப் போக வேண்டும். அவரைத் தாண்டிப் போனேன்.