டயரைத் தின்ற கம்பி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. ஒரு காரின் கதை சொல்லப்போகிறேன். நாற்றம் பிடித்த கதை. நடுவில் யாருக்காவது குமட்டினால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு அம்மா இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் மலைப்பாதையில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அழைத்துப்போகிறவன் மகன். எல்லாரும் அவனை ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயருக்கு ஏற்ற கால், ஆக்சிலேட்டரை விட்டு எழாது. காரோ கிழடு. வளைவுக்கு வளைவு பின்பக்கம் படகு மாதிரி சாயும். பின் சீட்டில் இருக்கிற அம்மா வாயைப் பொத்திப் பொத்திப் பார்ப்பாள். பாதி வழியில் கொட்டிவிடும்.

பெற்ற பிள்ளை என்ன செய்தான் என்கிறீர்கள்? முதுகைத் தடவினானா? தண்ணீர் கொடுத்தானா? சீட்டுக்குத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிப் போட்டான். எலுமிச்சை வாசனை அட்டைகளைக் கண்ணாடியில் கொத்தாகத் தொங்கவிட்டான். எலுமிச்சையும் வாந்தியும் கலந்து வெயிலில் வெந்த அந்த வாடை, ஐயே, சொல்லும்போதே எனக்கு நாக்கு தடிக்கிறது. அதற்குமேல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சே, கொஞ்சம் அடக்கக் கூடாதாம்மா? இனிமே இந்த வண்டியில மனுஷன் ஏற முடியுமா?" என்பான்.

ஒருநாள் அம்மா சொல்லிவிட்டாள். "இனிமே நான் வரலடா. இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

போகாவிட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ராக்கெட்டும் பயந்துதான் போனான். ஆனால் தன் வாய் செய்த வேலை அது என்று தோன்றவில்லை. காரின் சாய்வுதான் குற்றவாளி என்று முடிவுகட்டினான்.

காருக்கு அடியில் பின் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பி ஒன்று உண்டு. ஸ்வே பார் என்பார்கள். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயப் பார்த்தால், முறுக்கிக்கொண்டு நிமிர்த்தும். பழைய கார் உடைக்கிற இடத்துக்குப் போய், அதே காரின் அடுத்த தலைமுறை மாடலிலிருந்து தடித்த கம்பியாக ஒன்றைக் கழற்றி வந்தான். எலிமுடியும் சேறும் ஒட்டியிருந்த அதை அப்படியே கொண்டுபோய் அக்காள் புருஷன் முன்னால் போட்டான். அவர் மெக்கானிக்.

"மச்சான், என்னா கனம் பாருங்க! பேரும் ஒண்ணு, கம்பெனியும் ஒண்ணு."

"பேரு ஒண்ணுன்னா உடம்பும் ஒண்ணாடா? அது அகலமான வண்டி. பேரன் செருப்பைத் தாத்தாவுக்கு மாட்டச் சொல்றே."

"தாத்தா விரலை மடக்கிக்கட்டும் மச்சான்."

"உன் வாயைத்தான் மடக்கணும்."

அத்தைக்காக என்று மனம் இறங்கி, பழைய கம்பியைக் கழற்றிவிட்டு, புதுத் தகடு வெட்டி, துளை போட்டு மாட்டினார். கார் ஜாக்கியில் நின்றது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. கம்பி முனைக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது.

"இது தொங்குற கணக்கு. தரையில இறக்கி, பின்னாடி ஆளை உக்கார வச்சு ஓட்டு. உரசுதுன்னா உடனே கொண்டு வா. நான் பாக்காம அத்தையை ஏத்தாத."

பக்கத்து வீட்டுக்காரரைப் பின்னால் ஏற்றி ஓட்டிப் பார்த்தான். பாரம் ஏறியதும் கிரீச் கிரீச் என்று உரசல். மச்சானிடம் போனால் கழற்றிவிடுவார். என்ன செய்தான் தெரியுமா? ஒரு கை நிறைய கிரீஸை அள்ளி, கம்பி முனையிலும் டயரின் உள்பக்கத்திலும் அப்பினான். சத்தம் அடங்கியது. வீட்டுக்கு வந்து, "மச்சான் பாத்துட்டாரும்மா, எல்லாம் ஓகே. இனி சாயவே சாயாது" என்றான். துப்பத் தோன்றுகிறதா? துப்பிவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

அம்மா நம்பி ஏறினாள். அக்காளும் துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி உண்மையிலேயே சாயவில்லை. அந்த மகிழ்ச்சியில் ராக்கெட் இன்னும் மிதித்தான். கொஞ்ச தூரத்தில் அம்மா மூக்கைச் சுருக்கினாள்.

"என்னமோ கருகுதுடா."

"உன் மூக்குக்கு எப்பத்தான் நாறல?"

"நிறுத்துடா வண்டியை!"

அம்மா கத்தி அவன் கேட்டதே இல்லை. நிறுத்தினான். அடியில் குனிந்து கையை விட்டான். வெந்த கிரீஸில் ரப்பர் துருவல் குழைந்து, கருப்புக் களியாகக் கை முழுக்க அப்பியது. அதற்கும் உள்ளே விரல் போனது. கம்பி டயரை வட்டமாகச் செதுக்கியிருந்தது; உள்நூல் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. சாலை ஓரத்தில் மலைப் பள்ளம். எட்டிப் பார்த்தவனுக்குக் குடல் புரண்டு வந்தது. ஓரத்தில் உட்கார்ந்து கக்கினான், கக்கினான், கால் செருப்பெல்லாம் கக்கினான்.

"ராக்கெட்டு தரையிறங்கிடுச்சு" என்றாள் அக்கா, புருஷனுக்குப் போன் போட்டுக்கொண்டே.

அம்மா தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்தாள். அவன் முதுகைத் தடவினாள். "அடக்காதடா, வரட்டும்." வாயைக் கழுவிவிட்ட பிறகு அவன் கையைப் புரட்டிப் பார்த்தாள். "இது என்னடா, கிரீஸு?"

அவன் கையைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தான்.

"உரசுதுன்னு தெரிஞ்சிருக்கு. பூசி மறைச்சிட்டு என்னை ஏத்தியிருக்க." கையை உதறி விட்டாள். "என் வாந்தி தண்ணி ஊத்தினா போயிடும்டா."

மச்சான் வந்து கம்பியின் இரண்டு முனையையும் கழற்றினார், தேய்ந்த சக்கரத்துக்குப் பதில் ஸ்டெப்னியை மாட்டினார். அவனைத் திட்டக்கூட இல்லை; திட்டுவதற்கும் ஒரு மதிப்பு வேண்டும் அல்லவா? "அத்தை, என் வண்டியில வாங்க" என்றார். அம்மா தலையாட்டி மறுத்துவிட்டு, பழைய காரின் முன் கதவைத் திறந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேரமாச்சு, ஆஸ்பத்திரிக்கு விடு. நான் பாத்துக்கிட்டே வரேன்."

ராக்கெட் எறும்பாக ஊர்ந்தான். கம்பி பிடிக்காத வண்டி முன்னைவிட மோசமாக ஆடியது. கடைசி வளைவுக்கு முன் அம்மா வாயைப் பொத்தினாள். அவன் ஓரங்கட்டி, வாசனை அட்டைகள் வந்த காகிதப் பையைக் கையில் பிடித்தான். முகத்தைத் திருப்பவில்லை. அவன் விரலிலும் கொஞ்சம் பட்டது.

"முடிஞ்சுதாம்மா?"

"இன்னும் கொஞ்சம் இருக்குடா."

"சரி, வரட்டும்."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் உரசல் எங்கே கேட்டாலும் அன்றைக்கே வெளியே தெரியட்டும். குமட்டுகிறவர்களுக்குப் பை பிடிக்க ஒரு கை எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். போனவர்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வந்து, உங்கள் வாசல் நிறையச் செருப்பு கிடக்கட்டும்.