ஒன்பதாம் பெட்டியில் எது மூத்தது

கிராஞ்சிக் கொட்டகையில் கற்பெட்டிகளுக்கு முன்னால் பிரிஜட் முட்டி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிவிட்டது. ஜூரோங்கில் சுரங்க ரயில் நிலையம் கட்டப் போகும் இடத்தில் துளை போட்டு எடுத்த கற்கள் அவை. உருளை உருளையாக, கிடைத்த ஆழத்தின் வரிசைப்படி பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். எந்த அடுக்கு முந்தியது, எது பிந்தியது என்று பார்த்து எழுதுவது நிலவியலாளரான அவள் வேலை.

ஒன்பதாம் பெட்டி மட்டும் முரண்டு பிடித்தது.

மற்றப் பெட்டிகளில் மணற்கல்லின் அடியில் பெருமணல், மேலே போகப் போக மாவு போன்ற மணல். தண்ணீரில் கனமானது முதலில் படியும், அதுதான் முறை. ஒன்பதில் எல்லாம் தலைகீழ். போதாததற்கு, மேலே சிவப்பாக ஒரு சேற்றுக்கல். கீழே கிடந்த மணற்கல்லுக்குள் அதே சிவப்புக் கல்லின் சில்லுகள். சிவப்புக் கல் முன்பே இருந்திருந்தால்தானே அதன் சில்லு மணலுக்குள் போய்ச் சேரும்? மூத்தது மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

"அந்தப் பக்கத்துப் பாறை மடிஞ்சு கிடக்கிறதுதானே? மடிஞ்சு கவுந்திருக்குன்னு எழுதிடு லா. திங்கக்கிழமை ரிப்போர்ட் போகணும்," என்றார் மேலாளர் ஆம்ப்ரோஸ்.

"மடிஞ்சிருந்தா எட்டும் பத்தும் சேர்ந்து கவுந்திருக்கணும். நடுவுல ஒரு பெட்டி மட்டும் எப்படி?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அந்தத் துளையைப் போட்ட வேலாயுதத்துக்குப் போன் செய்தாள். பஃபலோ ரோட்டில் இருப்பதாகச் சொன்னார். போய்ச் சேர்ந்தபோது காய்கறிக் கடை ஓரமாகக் கையில் பையோடு நின்றிருந்தார். வாரத்துக்கு அந்த ஒரு நாள்தான் அவருக்கு ஓய்வு.

"உங்க மேல குத்தம் சொல்ல வரல," என்றாள் பிரிஜட். "ஒன்பதாவது பெட்டிக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா போதும்."

வேலாயுதம் பையைக் கீழே வைத்தார். "லாரி சடார்னு பிரேக் போட்டுச்சு மேடம். பெட்டி கவுந்து கல்லெல்லாம் சறுக்கி வந்துடுச்சு. வரிசை கலையாமத்தான் எடுத்து வச்சோம். ஆனா எது தலை, எது காலுன்னு தெரியல. போட்ட மார்க்கு மழையில அழிஞ்சிருந்துச்சு. வேலை பெர்மிட் போயிடுமோன்னு பயந்து வாயைத் திறக்கல."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புரண்டது பாறையல்ல, பெட்டிதான் என்ற நிம்மதிதான் வந்தது.

"இப்பவே கிராஞ்சிக்குப் போலாமா மேடம்?" என்று அவரே கேட்டார்.

கொட்டகையில் எட்டாம் பெட்டியின் கடைசிக் கல்லை எடுத்து, ஒன்பதின் முதல் கல்லோடு வைத்தார்கள். ஒட்டவில்லை. ஒன்பதின் கடைசிக் கல்லைத் திருப்பி வைத்தார் வேலாயுதம். உடைந்த முகமும் முகமும் இடைவெளி தெரியாமல் பொருந்தின. பெட்டியைத் திருப்பி அடுக்கியதும் பெருமணல் அடிக்குப் போனது, சிவப்புக் கல் அதற்கும் கீழே போனது.

பதினெட்டு மீட்டரில். நிலையத்தின் அடித்தளம் உட்காரப் போவது சரியாக அந்த ஆழத்தில்தான். பிரிஜட் சிவப்புக் கல்லை விரலால் அழுத்தினாள். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

திங்கட்கிழமை ஆம்ப்ரோஸ் எல்லாவற்றையும் கேட்டு முடித்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பெட்டி வழியில் கவிழ்ந்தது என்று அறிக்கையில் எழுதச் சொல்லிவிட்டு, "அந்த ஆளு பேர் என்ன?" என்றார்.

"உண்மையைச் சொன்னவர் பேரா? வேலாயுதம். பக்கத்துல இன்னொரு துளை போட்டுச் சரிபார்க்கணும். அதுக்கும் அவரையே அனுப்புங்க."

அனுப்பினார். பத்து நாள் கழித்து, வெயில் கொளுத்தும் முற்பகலில், புதுத் துளையின் பதினெட்டாவது மீட்டரிலிருந்து சிவப்புக் கல் உதிர்ந்து உதிர்ந்து வெளியே வந்தது. அடித்தளத்தை இன்னும் நான்கு மீட்டர் கீழே, கெட்டிப் பாறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது உறுதியானது.

"ரொம்ப நன்றி, வேலாயுதம்," என்றாள் பிரிஜட். "நீங்க மறைச்சிருந்தா நான் தப்புக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

வேலாயுதத்துக்குக் கூச்சமாகிவிட்டது. கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கத்தியிருந்தா மறைச்சிருப்பேன் மேடம். மொதல்லயே குத்தம் சொல்ல வரலன்னீங்க பாருங்க, அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, புதுப் பெட்டியை லாரியில் ஏற்றி, வாரால் இறுக்கிக் கட்டினார்கள்.