நாற்பத்து மூன்றாவது கட்டம்

காலை ஐந்தே முக்கால். பிப்ரவரியில் அமெரிக்காவின் வடக்கே டுலூத்தில் அந்த நேரத்துக்கு விடிந்திருக்காது. காரிலிருந்து அலுவலக வாசலுக்கு நடப்பதற்குள் ஏரிக்காற்று காதை அறுத்துவிடும். விரல் சூடேறும் வரை காத்திருக்க முடியாது; ஆறு மணிக்கு முதல் தாள் ஏறியாக வேண்டும். வேலையில் அடிபட்டவர்கள் நஷ்டஈடு கேட்டு அனுப்பும் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுவது எங்கள் பிழைப்பு. ஒரு விண்ணப்பத்துக்கு நாற்பத்து மூன்று கட்டங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு இருநூறு விண்ணப்பங்கள். மணிக்கட்டில் பட்டை கட்டாத ஆளே அந்த அறையில் கிடையாது. அடிபட்டவர்களின் தாளை அடிபட்ட கையால் ஏற்றினோம். எங்கள் கைக்கு நஷ்டஈடு கேட்க எங்களுக்கு நேரமில்லை.

இந்தக் கொடுமை தாங்காமல்தான் வெர்னா அந்த மென்பொருளை எழுதினாள். ஐம்பத்தாறு வயது, தானியக் கிடங்கில் எழுத்தராக இருந்தவள். நூலகத்தில் புத்தகம் எடுத்துவந்து ஒரு குளிர்காலம் முழுக்கத் தானாகப் படித்து எழுதினாள். விண்ணப்ப எண்ணைத் தட்டினால் போதும்; பழைய கோப்புகளிலிருந்து பெயர், முகவரி, மருத்துவமனை என்று நாற்பத்திரண்டு கட்டங்களை அதுவே நிரப்பிவிடும். கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு மணியடித்து நின்றுவிடும். அடிபட்டது இடதா, வலதா? அந்த விவரம் மருத்துவர் கையால் எழுதிய தாளில்தான் இருக்கும். பார்த்து நாங்கள் அடிக்க வேண்டும்.

"அதையும் அதுவே போட்டுக்கட்டுமேடி," என்றேன்.

"அடிபட்டவன் கை அது. ஒரு மனுஷக் கண்ணு பாக்கட்டும், கொறஞ்சா போயிடுவோம்?"

பதினெட்டுப் பேரும் பயன்படுத்தினோம். இருநூறு முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்து ஓய்வு கொடுத்தோம். மேலே தெரிந்தால் இருநூறு நானூறாகும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் பக்கத்து இருக்கை கீத்துக்கு அதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொடுத்தது நான்தான். பதினோரு வருடம் ஒரே காரில் வந்து போனவன். மணிக்கட்டு அறுவைக்குப் பிறகு அவனால் காபிக் கோப்பைகூடத் தூக்க முடியவில்லை.

"செத்தாலும் மேல சொல்லமாட்டேன் மார்லிஸ்," என்றான். நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்டோபரில் கீத் மேற்பார்வையாளர் ஆனான். தான் எழுதியது என்று சொல்லி அந்த மென்பொருளை முதலாளி பெர்க்லண்டிடம் காட்டியிருக்கிறான். அடுத்த வாரமே ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் போக மீதிப் பதினோரு பேருக்கும் ஆளுக்கு நாளைக்கு ஐநூறு.

அதோடு விட்டானா? ஜனவரியில், தாளுக்கு ஏழு விநாடி வீணாகிறது என்று அந்த மணியையும் நிறுத்தத்தையும் பிடுங்கிவிட்டான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் காதோ அந்த மணிக்குப் பழகிப்போனது. அது அடித்தால் கண் தானாகத் தாளுக்குப் போகும், அடிக்காவிட்டால் போகாது. இயந்திரம் ஓடியது, நாங்களும் ஓடினோம். கடைசிக் கட்டத்தில் முந்தைய ஆளுக்கு அடித்த இடதோ வலதோ அதுவே ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு வாரம் அப்படியே போனது. என் கையாலும் போனது.

நேற்று முன்தினம் வந்த தொலைபேசியை நான்தான் எடுத்தேன். இரும்புத்தாதுத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் லேலண்ட் என்பவர்.

"என் வலது கை நசுங்கிக் கெடக்கும்மா. நீங்க அனுப்புனதுல இடதுன்னு இருக்காம். இடது கை நல்லாத்தானே இருக்கு, ஒண்ணும் கெடையாதுன்னுட்டான் இன்சூரன்ஸ்காரன். அந்தத் தாள ஒரு தடவ பாத்தீங்களா நீங்க?"

"பாக்கலீங்க," என்றேன். வேறென்ன சொல்ல?

லேலண்ட் விவகாரம் காதுக்கு எட்டி, நேற்று மதியம் பெர்க்லண்ட் எல்லாரையும் கூப்பிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் கீத்.

"இந்த மென்பொருள எழுதுனது யாரு?"

"வெர்னா சார்," என்றான் கீத். பாராட்டு வாங்கும்போது அவன் எழுதியது. பழி வரும்போது வெர்னா எழுதியது.

"டேய், மணி இருந்துச்சே, அத எடுத்தது யாரு?" என்று கேட்டாள் வெர்னா.

"அது வேகத்துக்காக..."

"யாருன்னு கேட்டேன்."

அவன் பெர்க்லண்டின் முதுகுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கினான்.

"எனக்கு அதெல்லாம் வேண்டாம்," என்றார் பெர்க்லண்ட். "தப்பு என்னோடதுன்னு வெர்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். இல்லேன்னா வழக்கு. நாளைக்குக் காலைல எட்டு மணி வரைக்கும் நேரம்." அங்கேயே அவளுடைய வாசல் அட்டையையும் வாங்கிக்கொண்டார்.

மாலையில் வாகன நிறுத்தத்தில் வெர்னாவைச் சுற்றி நின்றோம்.

"போட்டுடறேன். ஒங்களுக்காவது வேலை நிக்கட்டும்," என்றாள்.

"நீ போட்டா அந்தத் தாளெல்லாம் அப்படியே மூடிப்போகும்," என்றேன். "லேலண்ட் கை இடதாவே இருக்கும். பயன்படுத்துனது நாங்களும்தான். பாக்காம விட்டதும் நாங்கதான். எங்க பேரு எங்க போச்சு?"

என் கார் மூடியின் மேல் வைத்தே கடிதம் எழுதினோம். மணியை எடுத்தது யார், எந்த இரண்டு வாரத் தாள்களை மறுபடி பார்க்க வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. மாநிலத் தொழிலாளர் துறைக்கு ஒன்று, காப்பீட்டுக்காரனுக்கு ஒன்று. வெர்னாவோடு சேர்த்துப் பதினோரு கையெழுத்து. குளிரில் பேனா உறைந்து போக, வாயால் ஊதி ஊதிப் போட்டோம். இரவே தபாலில் சேர்த்துவிட்டோம்.

இன்று காலை ஆறு மணி. கீத்துக்கு ஏற்றிக்கொடுத்த அதே பென்டிரைவிலிருந்து பழைய மென்பொருளைப் பத்துக் கணினியிலும் ஏற்றினோம். முதல் மணி அடித்தது. பிறகு அறை முழுக்க மணி.

கீத் ஓடிவந்தான். "நிறுத்துங்க. ஏழு செகண்ட் போகுது."

"போகட்டும்ப்பா. ஒன் கை நோகும்போது நாங்க நேரம் பாக்கல," என்றேன்.

பின்னாலேயே பெர்க்லண்ட் வந்தார். கடிதத்தின் நகலை அவரிடம் நீட்டினேன். முகம் சிவந்துபோனது. "பத்துப் பேரையும் அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க சார். ரெண்டு வாரத் தாள் திரும்பப் பாக்கணுமே, யாரு பாப்பா? கீத்தா?"

பெர்க்லண்ட் தொலைபேசியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். வழக்கறிஞரைக் கூப்பிடுவார். எங்களை அனுப்பினாலும் அனுப்பலாம், எனக்குத் தெரியாது.

வெர்னா வெளியே காரில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து அவசரக் கதவைத் திறந்து, கீத்தின் பழைய நாற்காலியை முட்டுக்கொடுத்தேன். குளிர் காற்று அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. யாரும் மூடச் சொல்லவில்லை. மணிச்சத்தம் வெளியே போனது. வெர்னா கார்க் கதவைத் திறந்து, தொப்பிகூட இல்லாமல் இறங்கி நின்று கேட்டாள்.

நான் திரும்பி வந்து அடுத்த தாளை எடுத்தேன். தேடி மேலே வைத்திருந்த லேலண்டின் தாள். எண்ணைத் தட்டினேன். மணி அடித்தது. தாளைப் பார்த்தேன்.

வலது.