நாலாவது விருப்பப் பாடம்

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். சட்டம் படித்தவள் இல்லை. ஏழு வயதில் பள்ளிக்கூட வேனில் ஜன்னலோர சீட்டுக்காக டிரைவரிடம் வாதாடி ஜெயித்தாள். அன்றைக்கு அப்பா வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது இருபத்தேழு வயது. அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாக நடத்தும் கதவுக் கீல் தொழிற்சாலையின் ஆபீசில் மூன்று வருஷம் இருந்துவிட்டு எம்.பி.ஏ. சேர்ந்தாள். இரண்டாம் வருஷத்தில் ஒரு பருவம் மட்டும் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் போய்ப் படிக்க வாய்ப்பு வந்தது. விட்டுவிடுவாளா? பெட்டி கட்டிவிட்டாள்.

கட்டிய பெட்டியைப் பிரிப்பதற்குள் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நாலு விருப்பப் பாடங்கள். பட்டியலில் இருந்தவை அறுபத்து மூன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லூரியின் சொந்தப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டது போக மிச்சம்தான் இவளைப் போல ஒரு பருவத்துக்கு வந்தவர்களுக்கு. கிளம்பிவிட்ட பஸ்ஸில் ஓடிப்போய் ஏறுகிறவர், ஜன்னல் சீட் வேண்டும் என்று கேட்க முடியுமா என்ன?

விடுதி அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, கதவு சரியாக மூடாத ஓர் அலமாரி. அந்த மேசையில் உட்கார்ந்து முதல் மூன்று பாடங்களை ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டாள். நாலாவதாக அவள் கேட்டது 'நிறுவன மதிப்பீடு'. ஒரு தொழிலுக்கு என்ன விலை தகும் என்று கணக்கிடக் கற்றுத் தரும் பாடம். காத்திருப்போர் பட்டியலில் பதினோராவது இடம் என்று பதில் வந்தது.

மதியம் அப்பா போன் செய்தார்.

"என்ன வக்கீல், அந்தப் பாடம் கிடைச்சுதா?"

"இன்னும் இல்லைப்பா. முன்னாடி பத்து பேர் நிக்கறாங்க."

"எப்படியாவது வாங்கிடு. உன் சித்தப்பன் தொழிலைப் பிரிச்சுக்கலாம்னு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிட்டான். நாளைக்கு எவனோ ஒரு ஆடிட்டர் வந்து ஒரு விலை சொல்வான். என் பொண்ணு உக்காந்து பார்த்தா எனக்கு ஒரு தெம்பு."

இந்தப் பாடத்துக்காகத்தான் அவளை இத்தனை தூரம் அனுப்பினாரோ என்று அவளுக்கே சில சமயம் தோன்றும்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று இரண்டு வருஷம். நடந்தது இதுதான். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் தொழிற்சாலையைப் பார்க்க வந்திருந்தார். அறிமுகப்படுத்துவதற்காக அப்பா முற்றத்தில் நின்று தம்பியைக் கூப்பிட்டார். ஒருமுறையல்ல, மூன்று முறை. சித்தப்பா திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார். வந்தவர் சிரித்து மழுப்பினார். அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. அன்று சாயங்காலம் கத்தினார்; சித்தப்பா பதில் பேசாமல் எழுந்து போனார். அதற்கப்புறம் ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் மேனேஜர் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். அப்பா கண்ணாடி அடைத்த ஆபீசில். சித்தப்பா, இருபத்திரண்டு வருஷமாக நின்ற இடத்திலேயே, பிரஸ் மெஷின்களுக்கு நடுவில்.

பரிமாற்ற மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனாள். கவுன்டரில் இருந்த பெண்மணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விஷயத்தைக் கேட்டாள்.

"நாலு பாடம் இல்லாம பதிவு முடியாது. இப்போதைக்கு ஏதாவது ஒண்ணைப் போட்டு வைங்க. பாடத்தை மாத்த ரெண்டு வாரம் இருக்கு. சீட் காலியானா தாவிக்கலாம்."

அந்த நேரத்தில் இடமிருந்த ஒரே பாடம் 'பேச்சுவார்த்தை'. வக்கீலுக்குச் சிரிப்பு வந்தது. பேசுவதற்கு எனக்கு ஒரு பாடமா? சரி, இரண்டு வாரம்தானே என்று பெயரைக் கொடுத்தாள்.

இரண்டாவது வகுப்பிலேயே ஒரு பயிற்சி. எல்லோரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒரு கால்நடை மருத்துவமனை விற்பனைக்கு வருகிறது. ஒருவர் விற்கிற டாக்டர், மற்றவர் வாங்க வருகிற டாக்டர். ஆளுக்கொரு தாள். அவரவர் நிலைமை அதில் இருக்கும். அடுத்தவரிடம் காட்டக் கூடாது. வாயால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நாற்பது நிமிஷம்.

அவளுக்கு ஜோடியாக வந்தவர் கப்பல் இன்ஜினியர். நாற்பதைத் தாண்டியவர், கடலை விட்டுக் கரையில் வேலை தேடுவதற்காகப் படிக்க வந்தவர். அவர் விற்கிறவர், இவள் வாங்குகிறவள். உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். கட்டடம் பழசு, கருவிகள் அதைவிடப் பழசு, பக்கத்துத் தெருவிலேயே புது மருத்துவமனை வரப்போகிறது என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மனிதர் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார்; இவள் விட்டால்தானே. முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் அவர் கையை விரித்து, "சரி, நீங்க சொன்ன விலைக்கே" என்றார்.

எல்லா ஜோடிகளும் முடிவு செய்த விலையைப் பேராசிரியை பலகையில் எழுதினாள். இவள் வாங்கியதுதான் மிகக் குறைவு. வகுப்பு கைதட்டியது. அப்பா பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பேராசிரியை ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தாள். "இந்த ஆளோட மறுபடியும் ஒரு வியாபாரம் பண்ணுவீங்களா? ஒரே வார்த்தை எழுதி எதிரில இருக்கறவங்ககிட்ட கொடுங்க" என்றாள்.

இன்ஜினியர் கொடுத்த சீட்டில் 'மாட்டேன்' என்று இருந்தது.

வகுப்பு விட்டதும் காபி மெஷின் அருகில் அவரைப் பிடித்தாள்.

"என் மேல கோபமா?"

"கோபமா? எதுக்கு? நிஜ ஆஸ்பத்திரியா என்ன?" அவர் சிரித்துக்கொண்டே தன் தாளை எடுத்து நீட்டினார். "படிச்சுப் பாருங்க."

விற்கிற டாக்டருக்கு இரண்டு மணிக்கட்டும் போய்விட்டது, அறுவை செய்ய முடியாது, வெளியில் சொல்ல வெட்கம் என்று அதில் இருந்தது. வாரம் இரண்டு நாள் வந்து நோய் பார்க்க மட்டும் அனுமதித்தால் போதும், விலையைப் பற்றிப் பெரிய கவலையில்லை என்றும் இருந்தது. அவளுடைய தாளில் வாங்குகிறவருக்கு என்ன கஷ்டம் தெரியுமா? வாரத்தில் இரண்டு நாள் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

"நாற்பது நிமிஷத்துல நீங்க என்னை ஒரு கேள்விகூட கேக்கலைங்க" என்றார் இன்ஜினியர். "நான் ஏன் விக்கறேன்னுகூட."

அவர் தன் காபியை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். அவள் அந்தத் தாளைத் தன் தாளோடு சேர்த்து வைத்து மறுபடியும் படித்தாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது. மதிப்பீட்டுப் பாடத்தில் ஓர் இடம் காலி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். பதினோராவது ஆளுக்கு இடம் வருவதென்றால் அதிர்ஷ்டம்தான். உடனே அப்பாவைக் கூப்பிட்டாள்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" அப்பாவின் குரல் துள்ளியது.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். சித்தப்பா ஏன் பிரியணும்ங்கறார்?"

"ஏன்னா? திமிர்தான். வேறென்ன?"

"அவரே சொன்னாரா?"

"அதை அவன் வேற சொல்லணுமா?"

"நீங்க கேட்டீங்களா?"

அப்பா, "உனக்குப் பாடம் கிடைச்சுதுல்ல, அதைப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வியாழக்கிழமை சித்திக்கு வீடியோ கால் போட்டாள். இரண்டு வருஷமாக அந்த வீட்டுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவதோடு சரி. சித்தி பதறிப்போனாள். "என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். ஒன்றுமில்லை, சித்தப்பாவோடு பேச வேண்டும் என்றதும் தயங்கி, போனை அவர் கையில் கொடுத்தாள்.

சித்தப்பா இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எப்படி இருக்கீங்க சித்தப்பா?"

"ஆமா, இங்கயும் நல்ல வெயில்தான்."

"இல்ல, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"படிப்பா? நல்லா படி, நல்லா படி."

போன வாரமாக இருந்தால் லைன் சரியில்லை என்று நினைத்துத் தன் பாட்டுக்குப் பேசியிருப்பாள். இப்போது பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அவர் கண் திரையில் இவள் உதட்டின் மேலேயே இருந்தது. உதடு அசையாதபோது பக்கத்தில் இருந்த சித்தியின் முகத்தைப் பார்த்தார்.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள்: 'காது கேக்கலையா சித்தப்பா?'

அவர் அந்தத் தாளைப் படித்தார். போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

சித்திதான் சொன்னாள், அழுதுகொண்டே. "மூணு நாலு வருஷமாவே அப்படித்தான்டி. மெஷின் சத்தம். டாக்டர்கிட்ட வாங்கன்னா வர மாட்டேங்கறார். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். அங்க வேலை பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சா மதிக்க மாட்டாங்களாம். அண்ணன் கூப்பிட்டது நிஜமாவே அவருக்குக் கேக்கலை. அன்னிக்கு ராத்திரி அண்ணன் எதுக்குக் கத்தினார்னு என்னைத்தான் கேட்டார்."

"அதை அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே சித்தி?"

"உங்கப்பா என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? நீயாவது கேட்டியா?"

அவளும் கேட்டதில்லை. மூன்று வருஷம் அதே ஆபீசில் இருந்தவள். சித்தப்பாவிடம் எதையாவது சொல்லிவிட்டு, அவர் சும்மா தலையாட்டியதும், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனவள்.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்தாள். மதிப்பீட்டுப் பாடம் வேண்டாத பாடம் இல்லை. நல்ல பாடம், வேலைக்கு உதவும், அப்பாவுக்கும் உதவும். அந்தக் கணக்கைப் புத்தகம் வைத்துக்கொண்டு அவளே கற்றுக்கொண்டுவிடுவாள் என்பதிலும் சந்தேகமில்லை. எதிரில் ஓர் ஆளை உட்கார வைத்து வாயை மூடிக்கொண்டிருப்பதைத்தான் எந்தப் புத்தகமும் பழக்கிவிடாது என்று பட்டது. நாலு நாற்பதுக்கு 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். அழுத்திய பிறகும் பயமாகத்தான் இருந்தது.

அப்பாவிடம் இரண்டையும் ஒரே போனில் சொன்னாள். பாடம் விஷயத்துக்குக் கத்தினார். "உன்னை எதுக்கு அனுப்பினேன்? வாயாடவா?" காது விஷயத்துக்கு ஒன்றுமே சொல்லவில்லை. பத்தொன்பது நாள் அவளோடு பேசவும் இல்லை. அவளுடைய சொந்தக் கல்லூரியிலிருந்தும் கடிதம் வந்தது: அவள் எடுத்த நிதிப் பிரிவுக்குப் பேச்சுவார்த்தைப் பாடத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது, திரும்பி வந்து கடைசிப் பருவத்தில் கூடுதலாக ஒரு பாடம் எழுத வேண்டும். சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

இருபதாவது நாள் அம்மா கூப்பிட்டாள். அப்பா காலையில் யாரிடமும் சொல்லாமல் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மத்தியானம் இரண்டு பேருமாகக் காது டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாக மேனேஜர் சொன்னாராம்.

அதனால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதா என்றால், இல்லை. சித்தப்பா காதில் கருவி மாட்டிக்கொண்டார். ஆனாலும் பிரஸ் பக்கம் திரும்பிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தொழில் பிரிந்தது; தம்பியின் பங்கை அப்பாவே வாங்கிக்கொண்டார். ஆடிட்டர் சொன்ன விலையை இரண்டு பேருமே மறுக்கவில்லை. அப்பாவுக்கு அதில் வருத்தம் இருந்தது. தம்பி நின்ற இடம் காலியாக இருப்பதைப் பற்றி அம்மாவிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

பருவம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது அப்பா தானாகவே போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"பிரஸ்ல நிக்கற பன்னிரண்டு பேரையும் அந்த டாக்டர்கிட்ட அனுப்பினேன். அஞ்சு பேருக்குக் கேக்கற சக்தி குறைஞ்சிருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. ஒருத்தனுக்கு வயசு முப்பத்தொண்ணுதான். அத்தனை வருஷமும் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்திருக்கேன்."

அவர் முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"அவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியலை. நீ அதைத்தானே படிக்கறே. என்ன சொல்லட்டும்?"

"எனக்கும் தெரியலைப்பா. நான் இன்னும் அதுல தட்டுத்தடுமாறிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "அந்த முப்பத்தொரு வயசுக்காரர் வீட்டுல யார் யார் இருக்காங்க?"

"தெரியாது" என்றார் அப்பா. "மெஷினை நிறுத்தச் சொல்லிட்டுப் போய்க் கேக்கறேன்" என்றார்.

அவர் போனை வைத்த பிறகுதான் மணியைப் பார்த்தாள். இரண்டு மணி வகுப்புக்கு ஏழு நிமிஷம் தாமதம். பையைத் தூக்கிக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள்.